மாப்பிள்ளை பக்கம், மச்சான் பக்கம்

என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஒரு ஏணி.

அண்ணனின் சைக்கிள் கடையிலிருந்து இவர் இரவல் வாங்கி வந்த மர ஏணி அது. கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைக்க ஏறப்போனவர், நடுவில் ஒரு படி இல்லை என்பதைக் காலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "குடுக்கும்போது எல்லாப் படியும் இருந்துச்சு" என்றான் அண்ணன். "வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார் இவர். அதோடு சரி. படியோடு வந்தால்தான் வாங்குவேன் என்று அவன். வந்தபடிதான் கொடுப்பேன் என்று இவர். ஏணி எங்கள் வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து வருஷக்கணக்காக மழையிலும் வெயிலிலும் கிடந்தது. சொத்துத் தகராறு என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

பேச்சுதான் இல்லையே தவிர, போக்குவரத்து உண்டு. அண்ணன் வாராவாரம் வருவான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். இவரும் எதிரே உட்காருவார். நடுவில் நான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில கிடக்கிற துணிய எடுக்கச் சொல்லு உன் வீட்டுக்காரர."

"எடுத்தாச்சுன்னு சொல்லு உங்க அண்ணன்கிட்ட."

ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும் தூரம். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு. நான் சலவைக்கடை வைத்திருப்பவள். அழுக்கை அழுக்காகவே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. "உங்க அண்ணனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கான்னு கேளு" என்பார் இவர். "அவருக்குச் சரியா விளங்கலையாம், இன்னொரு தடவ சொல்லுண்ணா" என்று நான் வெளுத்துக் கொடுப்பேன். அண்ணன் காதில் மூலமும் விழுந்திருக்கும், வெளுத்ததும் விழுந்திருக்கும். ஆனால் வெளுத்ததற்கு மட்டும்தான் பதில் சொல்வான். அந்த அளவுக்கு இருவரும் மரியாதை தெரிந்தவர்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. விடுதி விஷயம் வந்ததும்தான் குட்டை குழம்பியது.

என் கடை மேட்டின் அடிவாரத்தில். மேட்டின் உச்சியில் ஒரு தங்கும் விடுதி. அதன் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் என்னிடம்தான் வெளுப்புக்கு வரும். அங்கே துணிகளுக்குப் பொறுப்பாக ஓர் அம்மாள். விரிப்பின் மூலையை இரண்டு விரலால் பிடித்து மடக்கிப் பார்ப்பாள். மூலை விறைப்பாக நின்றால் உள்ளே எடுத்துக்கொள்வாள். தொங்கினால் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவாள். கஞ்சியம்மா என்று நான் வைத்த பெயர் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அந்த மேடு இருக்கிறதே, அது சைக்கிளுக்கென்றே சதி செய்து போட்ட மேடு. ஆரம்பத்தில் ஆசைகாட்டும். நடுவில் ஒரு வளைவு வரும். அங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும். மூட்டையை வைத்துக்கொண்டு மிதிக்க முடியாது. இறங்கித் தள்ளுவேன். தள்ளித் தள்ளி என் முழங்கால் என்னோடு சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் விடுதியில் காலை உணவு மணி அடித்துவிடும். விருந்தாளிகள் விரிப்பில்லாத மெத்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

ஒருநாள் கஞ்சியம்மா சொல்லிவிட்டாள். "உன் வெளுப்புல நான் குறையே சொல்ல மாட்டேன். நேரந்தான் குறை. வேன் வச்சிருக்கிற சலவைக்காரங்க ஒருத்தங்க வந்து கேட்டாங்க. வர்ற திங்கக்கிழமை அவங்களும் கொண்டு வரட்டும், நீயும் கொண்டு வா. சாப்பாட்டு மணிக்கு முன்னால வந்தாத்தான் மூட்டையப் பிரிச்சே பார்ப்பேன். அப்புறம் யாருதுன்னு முடிவு பண்றேன்."

விடுதி போய்விட்டால் என் கடைக்கு மிஞ்சுவது தெருவாசிகளின் நாலு சட்டையும் பக்கத்துக் கடையில் பூட்டுச்சாவி செய்யும் சாவிக்காரரின் ஒரே கோட்டும்தான். கோட்டை அவர் குளிருக்குத்தான் போடுவார். போட்டால் வெளுக்கக் கொடுக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டேன். நான் சாதாரணமாக அழுகிறவள் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

இவர் புல்வெட்டும் மிஷின், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் பழுது பார்ப்பவர். "ஒரு புல்வெட்டி இன்ஜின் சும்மா கிடக்கு. அத சைக்கிள்ல மாட்டிட்டா வேனாவது கீனாவது" என்றார் சுவரைப் பார்த்து.

"இன்ஜின நேரா பின்சக்கரத்துல மாட்டினா சமதரையில ஓடும், வளைவுல மூச்சு முட்டி நின்னுடும்னு சொல்லு" என்றான் அண்ணன் என்னைப் பார்த்து. "அந்தக் குட்டி இன்ஜின் மூட்டையோட மேடேறணும்னா கியர் வழியாத்தான் இழுக்கணும். இன்ஜின் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தச் சுத்தணும். அங்கருந்து செயின் பின்னால போகணும். பின்னால சின்னதும் பெருசுமா ஏழு பல்சக்கரம் நான் போடறேன். மேடு வந்தா பெருசுக்கு மாத்திக்கோ, இன்ஜின் சிரமமில்லாம இழுக்கும்."

இவர் விரலால் காற்றில் ஒரு செயினைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம், "சைக்கிள்காரங்களுக்கு இன்ஜினப் பத்தி இவ்வளவு தெரியுமான்னு கேளு" என்றார்.

"ரொம்ப நல்ல யோசனைன்னு சொல்றாரு" என்றேன் நான்.

மறுநாளே என் கடையின் பின்னறையில், காயும் விரிப்புகளுக்கு நடுவே, வேலை ஆரம்பமாகிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். யாரும் கோடு போடவில்லை. ஆனால் சட்டத்தின் இடப்பக்கம் மாப்பிள்ளை பக்கம், வலப்பக்கம் மச்சான் பக்கம் என்று ஆகிவிட்டது. இடப்பக்கம் இன்ஜின், பெட்ரோல் டப்பா, புகைக்குழாய். வலப்பக்கம் செயின், பல்சக்கரங்கள், கியர் கம்பி. ஒருவர் ஸ்பானர் மற்றவர் பக்கம் உருண்டு போனால் அது என் வழியாகத்தான் திரும்பிப் போகும். அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்ப்பது இருவருக்குமே மானப் பிரச்சினை.

வேலை என்னவோ அழகாகத்தான் நடந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்ஜின் சட்டத்தின் நடுவில் அளவாக உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு குட்டிச் செயின் ஒரு குறுக்குத் தண்டைச் சுற்றும். தண்டு வலப்பக்கம் எட்டி வந்து, இன்னொரு செயினால் பெடலருகே இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். இன்ஜின் ஓடும்போது பெடல் அசையாமல் நிற்க, பல்சக்கரத்துக்கும் பெடலுக்கும் நடுவே அண்ணன் ஓர் ஏற்பாடு செய்தான். பல்சக்கரம் முன்பக்கமாகச் சுற்றும்வரைதான் அந்த ஏற்பாடு வேலை செய்யும். அது முன்பக்கமாகச் சுற்றாமல் வேறெப்படிச் சுற்றும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

முதல்முறை இன்ஜினைத் தட்டிப் பார்த்த சாயங்காலம் வந்தது. நான் அந்தப் பக்கம் விடுதியின் விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் கயிற்றை இழுத்தார். இன்ஜின் இருமி, சிலிர்த்து, பிடித்துக்கொண்டது. குறுக்குத் தண்டு சுற்றியது. எனக்குப் பெருமையாக இருந்தது. இருவர் முகமும் மட்டும் ஒரே மாதிரி சுருங்கியது.

"தண்டு தலைகீழாச் சுத்துது. இப்படிச் சுத்தினா வண்டி முன்னால போகாது. அவர் பக்கத்துல மாத்தச் சொல்லு" என்றான் அண்ணன்.

"இன்ஜின் சுத்தற பக்கம்தான் சுத்தும். செயின் பக்கத்துல மாத்திக்கச் சொல்லு" என்றார் இவர்.

"மாத்தினா என்ன குறைஞ்சா போயிடுவாராம்?"

"அவரு மாத்தினா என்ன தேய்ஞ்சா போயிடுவாராம்?"

"மாத்தறதுக்குத் தெரியணுமில்ல, அதையும் கேளு."

"யாருக்குத் தெரியலையாம்? ஏணில படி எத்தனைன்னு எண்ணத் தெரியாதவங்களுக்கா?"

நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி வெளுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வாய்தான் வெளுத்ததே தவிர, கை நின்றுவிட்டது. பிறகு எனக்கே தெரிந்த அந்த வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால், விடுதியின் வெள்ளை விரிப்பில் பெட்டி போலவே பழுப்பாக ஒரு முத்திரை.

என் தொழிலில் நான் துணி தீய்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்ஜினே அடங்கிவிட்டது. அல்லது இவர் பயந்து அணைத்திருக்கலாம்.

"இனிமே ஒரு வார்த்தை என் வழியாப் போகாது" என்றேன். "அவரக் கேளு, இவரக் கேளுன்னு யாராவது வாயத் திறந்தீங்க, இந்தப் பெட்டி அடுத்து எங்க படும்னு எனக்கே தெரியாது. நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கட்டின தந்திக் கம்பியா? பேசணும்னா நீங்களே பேசிக்கங்க. இல்லன்னா வாய மூடிட்டு வேலையப் பாருங்க."

இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாளிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க வழி செய்துகொண்டார்கள். இவர் காலையில் வந்து தன் பக்கத்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். அண்ணன் தன் கடையை அடைத்த பிறகு சாயங்காலம் வருவான். நானும் வைராக்கியமாக எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் காலை இவர் பழைய துவைக்கும் மிஷினின் தகட்டை வெட்டி, இன்ஜினையும் தண்டையும் மூடி ஒரு பெட்டி செய்து மாட்டியிருந்தார். அன்று சாயங்காலம் வந்த அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான், திறந்து பார்க்கவில்லை. அவனும் தன் பங்குக்குச் செயினை மூடி ஒரு தகடு போட்டான். அதை இவர் பார்த்து மூக்கைச் சுருக்கினார்; எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் மூடியதும் வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது.

மூட்டை வைக்கப் பின்னால் ஓர் இழுவண்டி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதையும் இவர் செய்து கொண்டுவந்து மாட்டினார். புல்வெட்டியின் இரண்டு சின்னச் சக்கரம், மேலே மரச்சட்டம். சட்டத்தைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. அது பின்சுவரில் கிடந்த ஏணி. பாதியாக அறுத்திருந்தார்.

"என்னங்க இது?"

"சும்மாத்தானே கிடந்துச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அச்சு போக இடம் வேணும். அந்தப் படி இல்லாத இடம் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு."

அன்று சாயங்காலம் அண்ணன் வருவதற்குள் நான் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். அவன் கியர் கம்பியைக் கடைசியாக முறுக்கிவிட்டுக் கிளம்பினான். ஓட்டிப் பார்க்க இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும். சேர்ந்து இருக்க இருவராலும் முடியாது. ஆகவே ஓட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் விரிப்புகளைச் சூடு ஆறாமல் மூட்டை கட்டி, மெழுகுத்துணி சுற்றி, இழுவண்டியில் ஏற்றினோம். அண்ணனும் வந்துவிட்டான், கூப்பிடாமலே. அப்போது போர்வை இல்லை. அவன் பார்வை மூட்டையிலிருந்து இறங்கி, சட்டத்தில் நின்று, அச்சுப் போகிற இடத்தில் குத்திட்டது. வாய் திறந்தது. என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். இவர் பெட்ரோல் மூடியைத் திருகுவதில் மும்முரமாக இருந்தார். பேச்சில்லாதவர்களுக்கு இதுதான் சங்கடம். தன் ஏணி அறுபட்டுக் கிடந்தாலும் கேட்க முடியாது. அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

சாவிக்காரர் கடையைச் சீக்கிரமே திறந்து, முக்காலி போட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தேன். இடப்பக்கம் இவர், வலப்பக்கம் அண்ணன். இவர் கயிற்றை இழுத்தார். இன்ஜின் உற்சாகமாகப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன்.

வண்டி நின்ற இடத்தில் நின்றது. பெடல்கள் மட்டும் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. சுற்றின என்றால் சாதாரணமாக இல்லை. வலக்கால் கெண்டைக்கால், இடக்கால் கெண்டைக்கால் என்று மாற்றி மாற்றி அடித்தன. காலைத் தூக்கிக்கொண்டு "ஐயோ ஐயோ" என்று கத்தினேன். பயத்தில் ஆக்சிலேட்டரை இன்னும் திருகிவிட்டேன். பெடல் இன்னும் வேகமாகச் சுற்றியது. பிறகு பின்சக்கரத்தில் சடசடவென்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்கியது. இவர் இன்ஜினை அணைத்தார்.

"வண்டிக்கு மேட்டுக்குப் போக மனசில்ல போலிருக்கு" என்றார் சாவிக்காரர்.

நான் இறங்கினேன். காலைத் தேய்த்துக்கொண்டேன். போய் மூட்டையின் மேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

"தலைகீழாச் சுத்துது" என்று அண்ணன் கைப்பிடியிடம் சொன்னான். "எப்படிச் சுத்தும்? நான்தான் செயின மாத்தி விட்டேனே. பல்லுமேல சுத்தாம, செயினோட முதுகு படற மாதிரி விட்டேனே. அப்படி விட்டா திசை திரும்பிடணுமே."

"நான்தான் இன்ஜினையே முகம் மாத்தித் திருப்பி வச்சேனே" என்று இவர் பெட்ரோல் டப்பாவிடம் சொன்னார். "இன்ஜின் பக்கத்துல மாத்தச் சொன்னாங்களேன்னு மாத்தினேனே."

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சட்டையை ஒருமுறை உள்வெளியாகத் திருப்பினால் திரும்பிவிடும். இன்னொருமுறை திருப்பினால் பழையபடி ஆகிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவர் மதித்து, சத்தமில்லாமல் செய்து முடித்து, தகடு போட்டு மூடியும் வைத்திருக்கிறார்கள். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் விழித்தேன்.

அந்த நேரம் பார்த்து, வேன் வந்தது. பளபளவென்ற வெள்ளை வேன். எங்கள் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது. ஓட்டுகிறவன் போகிறபோக்கில் எனக்குக் கையாட்டினான். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பானர் வேலை செய்கிறது. இவர் தன் தகட்டைக் கழற்றுகிறார், இன்ஜினைப் பழையபடி திருப்ப. அண்ணன் தன் தகட்டைக் கழற்றுகிறான், செயினைப் பழையபடி போட. வாய் திறக்காமல், ஆளுக்கொரு தியாகம்.

இரண்டையும் கழற்றினால் முதலில் இருந்த தலைகீழே வந்துவிடும்! கத்த வாயெடுத்தேன். வார்த்தை கடத்துவதில்லை என்ற சபதம் தொண்டையில் வந்து குறுக்கே நின்றது. சபதமாவது மண்ணாவது என்று நான் எழுந்தபோது, அண்ணன் கை நின்றது. எதிர்ப்பக்கம் ஸ்பானர் சத்தம் கேட்டு அவனுக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். சொல்லு என்று கேட்கிற அதே பழைய பார்வை. நான் மீண்டும் உட்கார்ந்தேன்.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, இதுவரை காலே வைக்காத இடப்பக்கத்துக்கு வந்தான். தொண்டையைச் செருமினான்.

"மாப்ள."

இவர் தலை நிமிரவில்லை. ஸ்பானர் மட்டும் நின்றது.

"மாப்ள, நீங்க கழட்டாதீங்க. ஒருத்தர் கழட்டினாப் போதும். உங்களுது சரியாத்தான் இருக்கு."

இவர் எழுந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "உங்களுதும் சரியாத்தான் இருக்கு, மச்சான்" என்றார். "ரெண்டு பேரும் சரியாப் பண்ணதுலதான் தப்பாயிடுச்சு."

"நான் என்னுதக் கழட்டிடறேன்."

"ஐயையோ, நீங்க எதுக்கு? அவ்வளவு வேலை பண்ணியிருக்கீங்க. நான் கழட்டறேன்."

"அதெல்லாம் வேண்டாம் மாப்ள. இன்ஜினத் திருப்பறது எவ்வளவு சிரமம்னு எனக்குத் தெரியாதா?"

"செயின முதுகுல விடறது மட்டும் லேசா மச்சான்? எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"அது ஒண்ணுமில்ல, ஒரு சின்னப் பல்சக்கரம் கூடுதலாப் போட்டு..."

"மரியாதையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்!" என்று மூட்டையின் மேலிருந்து அலறினேன். "யாராவது ஒருத்தர் கழட்டித் தொலைங்க! மணி அடிக்கப் போகுது!"

அண்ணன் தாவினான். இவர் வலப்பக்கம் போய்ச் செயினைப் பிடித்துக்கொண்டார், அவன் அந்தக் கூடுதல் பல்சக்கரத்தைக் கழற்றினான், இவர் செயினைச் சுற்றினார், அவன் முறுக்கினான். "இங்க பிடிங்க", "விடுங்க", "இன்னும் கொஞ்சம்", "ஆங், அங்கதான்". அத்தனை வருஷமாக என் வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த சொற்கள் இப்போது என்னை ஒதுக்கிவிட்டு நேராகப் போய்வந்தன. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, அவசரம் மட்டும் இல்லாவிட்டால்.

மறுபடி ஏறினேன். கயிற்றை இழுத்தார்கள். ஆக்சிலேட்டரைத் திருகினேன். பெடல் அசையவில்லை. வண்டி அசைந்தது. முன்னால்தான்! சாவிக்காரர் எழுந்து நின்றே விட்டார்.

மேட்டின் ஆரம்பத்தில் சின்னப் பல்சக்கரத்திலேயே ஜம்மென்று ஏறியது. மூட்டை பின்னால் பணிவாக வந்தது. முழங்காலை நினைத்துச் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில் வளைவு வந்ததைக் கவனிக்கவில்லை. இன்ஜின் சத்தம் கனத்தது, இழுத்தது, திணறியது. நான் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினேன். அது இன்னும் திணறியது. நிற்கப்போகிறது என்று நினைத்தபோது, அடிவாரத்திலிருந்து இரண்டு குரல் ஒரே குரலாக வந்தது.

"கியர மாத்து!"

மாற்றினேன். செயின் ஒரு தடவை தடுமாறி, பெரிய பல்லைக் கவ்வியது. இன்ஜினின் மூச்சு சீரானது. இன்னும் ஒன்று மாற்றினேன். வண்டி மெல்ல, ஆனால் நிற்காமல், அந்தச் சதிகார வளைவை ஏறிக் கடந்தது. நடப்பவன் கூட என்னை முந்தியிருக்கலாம். ஆனால் நான் தள்ளவில்லை, உட்கார்ந்திருந்தேன்.

விடுதி வாசலில் வேன் நின்றிருந்தது. உள்ளே மேசைமேல் அவர்களுடைய விரிப்பு. கஞ்சியம்மா அதன் மூலையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். மூலை துவண்டு தொங்கியது. ஓட்டுகிறவன் கையாட்டவில்லை இப்போது.

என் மூட்டையைப் பிரித்தாள். உள்ளங்கையை வைத்தாள். "சூடா இருக்கு" என்றாள். மூலையை மடக்கினாள், கத்தி மாதிரி நின்றது. அப்போதுதான் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். "பெட்ரோல் நாத்தம் அடிக்குதே?"

"அது துணிமேல இல்லம்மா, என்மேல."

குனிந்து விரிப்பை முகர்ந்து பார்த்தாள். என்னையும் முகர்ந்து பார்த்தாள். "சரிதான்" என்றாள். "அலமாரில வை. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடு." தீய்ந்த விரிப்பையும் எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டேன். மாற்று விரிப்பு நானே வாங்கித் தருவதாகச் சொன்னதும், அந்தத் தழும்பைப் பார்த்து, "உன் கடைல கூட இப்படி நடக்குமா?" என்றாள். நடக்காது, இனிமேல் நடக்காது என்றேன்.

இறங்கும்போது காற்று முகத்தில் அடித்தது. எனக்குப் பாடத் தெரியாது. இருந்தாலும் வளைவு வரை பாடினேன்.

அடிவாரத்தில் இருவரும் ஒரே முக்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்திருந்தார்கள். சாவிக்காரர் நின்றிருந்தார். "விடுதி நம்மகிட்டதான்!" என்று நான் பிரேக் பிடிப்பதற்குள் கத்தினேன்.

"அது இருக்கட்டும், வளைவுக்கு முன்னாடியே கியர் மாத்தத் தெரியாதா உனக்கு?" என்றான் அண்ணன்.

"அதானே மச்சான், இன்ஜினக் கொன்னுருப்பா" என்றார் இவர்.

என் வாழ்நாளில் அன்றுதான் இருவரும் ஒரே கட்சி. எனக்கு எதிராக என்றாலும் பரவாயில்லை. மனசு நிறைந்து போயிற்று.

வண்டியைக் கடைக்குள் உருட்டிக்கொண்டு போனேன். இழுவண்டியில் இப்போது மூட்டை இல்லை. சட்டம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அண்ணன் பின்னாலேயே வந்து, குனிந்து, அச்சுப் போகிற இடத்தை விரலால் தடவினான். இவரும் வந்து நின்றார். பழக்கதோஷம், இருவரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன். இருவர் முகமும் என்னை விட்டுத் திரும்பியது.

"மாப்ள, இது என் ஏணிதானே?"

"ஆமா மச்சான்."

"அறுத்துட்டீங்க."

"அறுத்துட்டேன். படி இல்லாத இடம் அச்சுக்குச் சரியா இருந்துச்சு."

"குடுக்கும்போது எல்லாப் படியும் இருந்துச்சு, மாப்ள."

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு, மச்சான்."

"நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"அப்ப நான் சொல்றேன்னு நீங்க சொல்றீங்களா?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. காயப்போட்ட துவாலைகள் அசைந்தன. சத்தம் கேட்டுச் சாவிக்காரர் சமாதானம் பண்ண ஓடிவந்தார். நான் வாசலிலேயே குறுக்கே நின்று அவரைத் தடுத்தேன்.

"விடுங்கண்ணே" என்றேன். "நேராத்தானே போட்டுக்கிறாங்க."

அவருடைய கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போனேன்.